மாட்டு அச்சாறு

குண்டசாலைப் பக்கம் பேச்சியம்மா போடும் அச்சாற்று ஊறுகாய்க்கு நல்ல பெயர். அவள் தினமும் போத்தலைத் திறந்து மோந்து பார்ப்பாள், கிளறுவாள், ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து மூடுவாள். அந்தக் கைதான் போன வருடம் அவளைக் கவிழ்த்தது.

மிருக வைத்திய அலுவலகத்து நோனா, அந்த அதிகாரியம்மா, பால் பிடித்த சோளத்தைத் தட்டையோடு நறுக்கி, நீலப் பீப்பாயில் காற்றுப் போகாமல் மிதித்து மூடக் கற்றுக்கொடுத்தார். "மாட்டுக்கு அச்சாறு போடுற மாதிரிதான். ஆறு கிழமைக்கு, நாப்பத்திரண்டு நாளைக்கு, மூடியைத் தொடக் கூடாது" என்றார். பேச்சியம்மாவின் காதில் அச்சாறு மட்டும்தான் ஏறியது. தினமும் திறந்தாள், மோந்தாள். மூன்றாம் கிழமை தீவனம் கையைச் சுட்டது, மேலே வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாசி வெயிலில் புல்லும் கருகிவிட, கிடேரிக் கன்றை விற்க வேண்டியதாயிற்று. அது போன திசையைப் பார்த்துத் தாய் மூன்று நாள் கத்தியது. பேச்சியம்மாவால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

இந்த வருடமும் ஒரு கிடேரி. செவலி என்று பெயர். இதையும் விற்றுவிட அவளுக்கு மனமில்லை. மார்கழியில் நான்கு பீப்பாய்களை நிரப்பிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் புருஷன் வீரசிங்கத்திடம் கொடுத்தாள்.

"நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

இருபதாம் நாள் அவளே கேட்டாள். "ஒரு தரம் மோந்து பாத்துட்டு மூடிர்றேங்க."

"சாவி பேராதனைக்குப் போவுது" என்று சொல்லிவிட்டு, அவர் முச்சக்கர வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மனுஷனுக்கு அன்றைக்குப் பேராதனையில் ஒரு வேலையும் இல்லை. அவள் கை நமநமத்தது. போய் இரண்டு போத்தல் அச்சாறு போட்டாள்.

மாசி பிறந்தது, புல் காய்ந்தது. மாட்டு வியாபாரி இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். பேச்சியம்மா சுவரில் கரிக்கோடு இழுத்து நாளைக் கழித்தாள். நாற்பத்திரண்டாம் நாள் காலையில் வீரசிங்கம் ஒரு பீப்பாயின் பூட்டைத் திறந்தார். குப்பென்று புளித்த வாசனை வந்தது. பூஞ்சணம் இல்லை, சூடும் இல்லை. சோளம் பழுப்பேறிய பச்சையில் கிடந்தது. ஒரு கூடையில் அள்ளி மாட்டுக்கு முன்னால் வைத்தாள். தாய் மாடு எட்டிப் பார்ப்பதற்குள் செவலி கூடைக்குள் தலையை விட்டுவிட்டது. பேச்சியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மத்த மூணையும் பாத்துருவமா?" என்று சீண்டினார் அவர்.

"கையை வச்சீங்கன்னா பாருங்க. மூடியிருந்தா அடுத்த வருசம் வரைக்கும் கெடாதுன்னு நோனா சொல்லியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். "உப்புக் காணாது."

வீரசிங்கம் சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. வியாபாரிதான்.

"கன்னு இல்லீங்க" என்றார் வீரசிங்கம். "அச்சாறு வேணும்னா வாங்க, ரெண்டு போத்தல் இருக்கு."