தொடாமல் படித்த கம்ப்யூட்டர்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் பறிபோனது என் அறை. திண்டுக்கல் டவுனுக்குள் இருந்த பெண்கள் பள்ளி அது. நான் அங்கே ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் வாயில் ‘டிராயிங் டீச்சர்’. தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருந்த பழைய மாணவி ஒருவர் பள்ளிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை வைக்க இடம் தேடிப் பள்ளி முழுக்கச் சுற்றிவந்த தலைமையாசிரியை மேடம், கடைசியில் என் வாசலில் வந்து நின்றார்.

வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள் கொண்ட அறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் ஒரே சீராக விழும். படம் வரைய அதைவிட நல்ல இடம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அந்த ஜன்னல்களில்தான் கறுப்புத் தாளை ஒட்டி மூடினார்கள். தூசி வரக் கூடாதாம். ஏசி மாட்டினார்கள், தரைக்கு விரிப்புப் போட்டார்கள், கதவுக்குக் கை அகலத்தில் ஒரு பூட்டு. எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்?

“நீங்க எங்க வேணாலும் உக்காந்து வரையலாமே டீச்சர். மரத்தடின்னாகூட நல்லா காத்தோட்டமா இருக்கும்” என்றார் மேடம்.

மரத்தடி! கணக்கு டீச்சரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். ஆனாலும் சம்பளம் வாங்குகிறவள் ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு வரைபலகைகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்றி சைக்கிள் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

சரி, அறைதான் போயிற்று, பிள்ளைகளாவது கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு, ஒரு கட்டு சார்ட் பேப்பரை நீட்டினார். கம்ப்யூட்டரைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்துத் தர வேண்டுமாம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவாம்.

“அதான் அசலே அடுத்த ரூம்ல இருக்கே மேடம்?”

“அதுல கைய வச்சு ஏதாவது ஆயிருச்சுன்னா? மொதல்ல படத்தப் பாத்துக் கத்துக்கட்டும்.”

அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலைக் காட்டிப் பாடம் நடத்துகிற கூத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வரைவதற்காக உள்ளே போய்ப் பார்க்க என்னையே விடவில்லை. வர்ணம் சிந்திவிடுமாம். பெட்டியோடு வந்த புத்தகத்தின் அட்டையைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து வரையுங்கள் என்றார். வரைந்தேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வால் மாதிரி ஒரு வயர். அறிவியல் டீச்சர் அந்த சார்ட்டை ஆணியில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டி வருஷம் முழுக்கப் பாடம் எடுத்தார். பரீட்சையில் ‘கம்ப்யூட்டர் படம் வரைந்து பாகம் குறி’ என்று கேள்வி. பிள்ளைகள் எல்லாம் வெளுத்து வாங்கினார்கள்.

பிள்ளைகள் அந்த அறைக்குள் கால் வைத்தது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு மானிட்டருக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். மேடமே முன்னால் நின்று சூடம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். கம்ப்யூட்டரிடமிருந்து எங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தது ஆளுக்கு ஒரு பிடி பொரிகடலை. அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் இன்னொரு இடி. எட்டாம் வகுப்பின் டிராயிங் பீரியடை எடுத்துக் கம்ப்யூட்டர் பாடத்துக்குக் கொடுக்கப் போவதாக மேடம் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

“சார்ட்டப் பாத்துப் படிக்க இன்னொரு பீரியடா? அந்தப் பீரியட எனக்கே விடுங்க மேடம். நான் கம்ப்யூட்டர்லயே டிராயிங் நடத்துறேன்.”

“உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா டீச்சர்?”

“தெரிஞ்சுக்கிட்டு வாரேன்.”

இரண்டு மூன்று பேர் குனிந்து சிரித்தார்கள். மேடமும் சிரித்தபடி, “சரி, தெரிஞ்சுக்கிட்டு வாங்க, பாப்போம்” என்றார். எனக்கு அந்த ‘பாப்போம்’ போதும்.

பெரிய லீவு விட்டதும் பேகம்பூரில் ஒரு டிடிபி கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கும் கடை. நடத்தியது என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய ஒரு பெண். வாய் துடுக்கு, கை அதைவிட வேகம். பத்திரிகை வேலை இல்லாத மத்தியான நேரத்தில் வந்தால் சொல்லித் தருகிறேன் என்றது.

முதல் நாளே மானம் போயிற்று. ஆயுசில் பாதியைப் படம் வரைந்தே கழித்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு புடவைக்கு மாங்காய்க் கரை போடுவேன். அந்த மவுசைப் பிடித்து ஒரு மாங்காய் வரைய முடியவில்லை. பிரஷ் பிடித்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடு முடியும் இடத்தில் கை தானாக மேலே எழும்பும், தடிப்பாக வேண்டுமென்றால் அழுத்தும். நானும் கோடு முடிந்ததும் மவுசை மேஜையிலிருந்து தூக்கினேன். விரல் பட்டனை விடவில்லை, கீழே வைத்ததும் கோடு அது பாட்டுக்கு ஓடியது. தடிப்பாக வர வேண்டுமென்று அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன்.

“யா அல்லா! டீச்சர், இம்புட்டு அமுக்குனா எலி செத்துப்போகும்” என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது. “கோடு தடியா வேணும்னா மேல போயி சைஸ மாத்துங்க. கைய தூக்காதீங்க, விரல மட்டும் எடுங்க.”

“இதெல்லாம் ஒரு கருவியாம்மா? செங்கல்லப் புடிச்சு எழுதுற மாதிரி இருக்கு!”

“செங்கல்லப் புடிச்சுத்தான் நான் பொழைக்கிறேன். கோவப்படாம இன்னொரு தடவ இழுங்க.”

இழுத்தேன். மறுபடியும் கோணல். எரிச்சலில் நான் பின்னால் சாய்ந்தபோது அது என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கீபோர்டில் இரண்டு பட்டன்களைச் சேர்த்துத் தட்டியது. கோணல் கோடு போன இடம் தெரியவில்லை. அதற்கு முன்னால் போட்ட மாங்காய் அப்படியே இருந்தது.

“என்னம்மா பண்ணின?”

“தப்ப வாபஸ் வாங்கிட்டேன்.”

என் வகுப்புப் பிள்ளைகள் கண்முன்னால் வந்தார்கள். நாலு பேருக்கு ஒரு கலர் டப்பா. ஒரு தாள் வீணானால் இன்னொரு தாள் கேட்க வீட்டில் வாய் வராது. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் பென்சிலைத் தாளின் மேலேயே அந்தரத்தில் வைத்துக்கொண்டு பாதிப் பீரியடை ஓட்டுவார்கள். அழிக்கப் போய்த் தாள் கிழிந்து, அழுத பிள்ளைகளை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! இங்கே ஒரு பூவுக்குச் சிவப்புப் போட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லையா நீலம், அதுவும் வேண்டாமா மஞ்சள். கலரும் தீராது, தாளும் கிழியாது. தப்புச் செய்ய இவ்வளவு தைரியம் கொடுக்கிற ஒரு பொருளை, பிள்ளைகள் தப்புச் செய்துவிடுவார்கள் என்று சொல்லிப் பூட்டி வைத்திருக்கிறார்களே, அடப்பாவிகளா என்று அந்தக் கடையிலேயே வாய்விட்டுத் திட்டினேன்.

லீவு முடிவதற்குள் கை பழகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்த கரை வடிவங்களையெல்லாம் வரைந்தேன். ஒரு பூவைப் போட்டு, அதை எடுத்து எடுத்து ஒட்டி, புடவை முந்தி அளவுக்கு நிரப்பினேன். பிளாப்பியில் பதிந்துகொண்டு ஜூன் மாதம் மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“வெளிப் பிளாப்பியெல்லாம் உள்ள போடக் கூடாது டீச்சர். வைரஸ் வந்துரும்.”

“சரி மேடம், பிளாப்பி வேணாம். அங்கயே வரையிறேன். பீரியட் மட்டும் குடுங்க.”

ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையாயிற்றே, மறுக்க முடியவில்லை. ஒரு பீரியட் நடத்திக் காட்டச் சொன்னார். நானும் வருவேன் என்றார்.

எட்டாம் வகுப்பை அழைத்துக்கொண்டு போனேன். என் பழைய அறைக்குள் நான் காலை வைத்து எத்தனை நாளாயிற்று! பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். நான் ஒரு தாமரையை வரைந்து, வேண்டுமென்றே ஓர் இதழைக் கோணலாக இழுத்து, வாபஸ் வாங்கிக் காட்டினேன். “ஆ!” என்று ஒரு சத்தம் வகுப்பு முழுவதிலிருந்தும் கிளம்பியது.

சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தாள். வீட்டில் தறி ஓடுகிறது. வகுப்பிலேயே நல்ல கை அவளுக்குத்தான், பயமும் அவளுக்குத்தான் அதிகம். வாடி என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். பாவாடையில் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு மவுசைத் தொட்டாள். திரையில் ஒரு கோடு கிளம்பி, வளைந்து, மேலே ஏறியது.

“ஏய்! கைய எடு!”

மேடத்தின் குரல். பிள்ளை துள்ளி எழுந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள்.

“நீங்க வரைஞ்சு காட்டுறதுக்குத்தான் டீச்சர் பெர்மிஷன். தப்பா எதையாவது அமுக்கிட்டா யாரு பொறுப்பு?”

“தப்பா அமுக்குனா என்ன மேடம், வாபஸ் வாங்கிக்கலாம். அதத்தான இப்ப சொல்லிக் குடுத்தேன்.”

“அதுங்க பாத்துக் கத்துக்கட்டும்.”

“நீச்சலையும் கரையில உக்கார வச்சே கத்துக் குடுப்பீங்களா? தண்ணிக்குள்ள எறங்காம எந்தப் புள்ள நீந்துச்சு?”

பிள்ளைகள் முன்னால் பேசியது அவருக்குப் பொறுக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. பீரியட் இன்றோடு முடிந்தது என்று சொல்லி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டினார். பள்ளி நிர்வாகியிடம் போய் முறையிட்டேன். பார்ப்போம், பேசுவோம் என்று காபி கொடுத்து அனுப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! எட்டாம் வகுப்புக்கு டிராயிங்கும் போயிற்று, கம்ப்யூட்டரும் இல்லை. சார்ட்டின் ஓரம் கிழிந்தபோது புதிதாக ஒன்று வரைந்து தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வரைய மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.

அந்தச் சின்னாளபட்டிப் பிள்ளையைச் சில வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பத்தாவதோடு நிறுத்திவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறாளாம். மெலிந்திருந்தாள்.

“அம்புட்டுப் பெரிய மிசின ஓட்டுறியேடி, பயமா இல்லயா?” என்று கேட்டேன்.

“மொத நாளே கையில குடுத்துட்டாங்க டீச்சர். கைய வைக்காதன்னு அங்க யாரும் சொல்லல.”

விரலைக் கடித்து இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தைத் தொட இந்தப் பிள்ளைக்குத் தடையில்லை. ஒரு பூ வரைய மவுசைத் தொட்டதற்குத்தான் அந்த விரட்டு விரட்டினோம். பஸ் கிளம்பும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு காலையில் பள்ளி வாசலில் பழைய சாமான் எடுப்பவரின் மினி லாரி நின்றது. நான் ஏழாம் வகுப்பை ஷெட்டில் உட்கார வைத்திருந்தேன். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் அடுக்கினார்கள். பழைய மாடலாகிவிட்டதாம், இனிமேல் உதவாதாம். கிட்டே போய்ப் பார்த்தேன். கீபோர்டுகளின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஒன்றை உருவினேன். ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை, கடையில் இருப்பது மாதிரி பளபளவென்று இருந்தது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள், தானும் தின்னாது, அடுத்தவரையும் தின்ன விடாது. அந்த நாயாவது இத்தனை வருஷம் கட்டிக் காத்திருக்காது.

ஷெட்டைப் பார்த்துக் கத்தினேன். “எந்திரிங்கடி எல்லாரும்! இங்க வாங்க!”

பிள்ளைகள் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். லாரிக்காரர், “ஏம்மா, எடை போட்டாச்சும்மா, நேரமாகுது” என்றார்.

“செத்த நேரம் இருப்பா. ஒண்ணும் கொறஞ்சிறாது.”

உறைகளையெல்லாம் உருவி எறிந்தேன். கீபோர்டுகளை இறக்கித் தரையில் வரிசையாக வைத்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள்.

“என்னைய என்னடி பாக்குறீங்க? தொடுங்க. அமுக்குங்க. தப்புத் தப்பா அமுக்குங்க.”

ஒரு பிள்ளை ஒற்றை விரலால் ஓர் எழுத்தை அமுக்கிவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் மறுபடி அமுக்கினாள். அப்புறம் எல்லாக் கைகளும் இறங்கின. டக்டக்கென்று ஒரே சத்தம், சிரிப்பு, தள்ளுமுள்ளு. சத்தம் கேட்டு மேடம் வராந்தாவுக்கு வந்தார்.

“என்ன டீச்சர் நடக்குது இங்க?”

“பிராக்டிகல் கிளாஸ், மேடம்” என்றேன்.