நீலக் கட்டம் போட்ட பை

ஜெயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எங்கள் மையத்தின் ஆண்டு விழா மலருக்காம். 'தன்னலமற்ற சேவை', 'அயராத உழைப்பு' என்றெல்லாம் எழுதினால் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அந்தச் சங்கதியெல்லாம் வராது. ஜெயம் செய்த பெரிய தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதில் எனக்கும் பங்குண்டு. இஷ்டமிருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், கீழ்வீட்டில் எங்கள் மையம் இருந்தது. வாசலில் தொங்கிய போர்டில் 'தையல் பயிற்சி நிலையம்' என்று எழுதியிருக்கும். உள்ளே நடந்தது வேறு. பெரியவர்கள் கையில் கொடுமைப்பட்ட குழந்தைகள் வந்துபோகிற இடம் அது. அதை அப்படியே போர்டில் எழுதிவைத்தால் எந்தத் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படியேறுவாள்? நம் தெருக்காரர்களின் வாய் தெரியாதா? அதனால் போர்டில் பொய் எழுதினோம். பொய் வேஷம் பலிக்க வேண்டுமென்றால் நிஜமான தையல் மெஷின் ஒன்றும், நிஜமாகத் தைக்கத் தெரிந்த ஆள் ஒன்றும் வேண்டுமே. அப்படி வந்தவள்தான் ஜெயம்.

மொத்தம் நாங்கள் மூன்று பேர். மையத்தை நடத்தியவர் வேளாங்கண்ணி மதாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், அதனால் ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். போனும் ஃபைலும் என் பொறுப்பு. என் பெயர் அமுதவல்லி. மூன்றாவது ஆள் ஜெயம்.

ஜெயம் இதே முத்தியால்பேட்டைக்காரிதான். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். பதினெட்டு வயதில் வில்லியனூரில் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் சாராயக்கடையே கதியென்று கிடந்தான். மூன்று வருஷம் அடி வாங்கிவிட்டு, ஒரு நாள் துணிமூட்டையோடு பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷம் காலர் மட்டும் தைத்தாள். ஒரு காலையில் வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்கியது. எங்களிடம் வந்தபோது வயது நாற்பத்து மூன்று, ஆள் ஒட்டடைக் குச்சி. எந்நேரமும் பச்சரிசியை வாயில் போட்டு அரைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. அதற்காகவே தினம் ஒரு சண்டை நடக்கும்.

எங்கள் வேலைமுறை இதுதான். வருகிற குழந்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. ஜெயம் ஒரு துண்டுத் துணியும் ஊசியும் ஒரு பட்டனும் கொடுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைப்பாள். குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டாள், துணியைத்தான் பார்ப்பாள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, பட்டன் தைத்துக்கொண்டே அந்தக் குழந்தை ஏதோ சொல்ல ஆரம்பிக்கும். உடனே ஜெயம் எழுந்து, "மதாம், நூல் தீந்துபோச்சு" என்று குரல் கொடுப்பாள். மதாம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். மீதியை அவர் மட்டும்தான் கேட்பார். அவர் எழுதித் தருவதை நான் ஃபைலில் வைத்துப் பூட்டுவேன். செய்தவன் பேரும் அவன் ஊரும் எங்கள் இரண்டு பேருக்கு மேல் யாருக்கும் தெரியக் கூடாது என்பது மதாமின் சட்டம். ஜெயத்துக்குக்கூடத் தெரியாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நீ ஏன் ஒன்றுமே கேட்பதில்லை என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். பச்சரிசி மெல்வதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "யாரும் கேக்காமலேதான் நான் போய்ச் சொன்னேன் அமுதா, பத்து வயசுல. சொன்னதுக்கு என்னைத்தான் அடிச்சாங்க." அவ்வளவுதான். பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

பை விஷயம் அவளுடைய யோசனைதான். எங்கே போனாய் என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் பிள்ளைகள் எதைக் காட்டும்? தையல் கிளாசுக்குப் போனேன் என்று காட்ட ஒரு பொருள் கையில் இருக்கட்டும் என்று, வருகிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். ஒரு கம்பெனி வெட்டிப் போட்டது போக மிஞ்சிய சட்டைத் துணி, நீலக் கட்டம் போட்டது, மூட்டையாக எங்களுக்கு வந்திருந்தது. அதில்தான் எல்லாப் பையும். மதாம் பாராட்டினார். நானும்தான் பாராட்டினேன். ஒரே துணியில் தைத்த பை என்றால் அது அந்தப் பிள்ளைகளுக்கு நாமே குத்திவிட்ட முத்திரை அல்லவா? மூன்று பொம்பளைகள் இருந்தோம், ஒருத்திக்குக்கூட அது உறைக்கவில்லை.

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்த பங்குனி மாதம் அது. கலைவாணி என்ற ஒன்பது வயதுப் பெண், வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்கிறாள் என்று ஒரு டீச்சர் அனுப்பி எங்களிடம் வந்தாள். பன்னிரண்டாம் நாள் பட்டன் தைக்கையில் வாயைத் திறந்தாள். ஜெயத்துக்கு நூல் தீர்ந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் வடிவேல் என்று மதாம் எழுதிக்கொண்டு வந்தார். வேனில் கடைசியாக இறங்குகிற பிள்ளை இவள்தான்.

கலைவாணியின் அம்மா அஞ்சலாட்சி சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை செய்தாள். புருஷன் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கேஸ் கொடுக்கலாம் என்றாள். வியாழக்கிழமை குழந்தை மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும், சொன்ன கையோடு அவனைப் பிடித்துவிடுகிறோம் என்று போலீசில் ஒப்புக்கொண்டார்கள். அதுவரைக்கும் அவன் காதுக்கு எட்டக் கூடாது. எட்டினால் ஒன்று ஓடிவிடுவான், இல்லை குழந்தையை மிரட்டி வாயை அடைத்துவிடுவான். எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய்ச்சொல்லில்தான் இருந்தது.

வேனில் ஏற்றாமல் இருக்க அஞ்சலாட்சி ஒரு வழி செய்தாள். வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் காலெடுத்து வைப்பார்கள்? வீட்டுக்காரம்மா மட்டும் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் வேன் ஓட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, கலைவாணி பின்சந்து வழியாக எங்களிடம் வந்து போவாள்.

திங்கட்கிழமை காலையில் எனக்கும் ஜெயத்துக்கும் பெரிய சண்டை. புது ஃபைல் அட்டையை வெட்டிப் பைக்கு அளவு எடுத்திருந்தாள். நான் கத்திவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆண் குரலும் ஜெயத்தின் சிரிப்பும் கேட்டன. யாராக இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். எட்டிப் பார்த்திருந்தால் சந்து முனையில் நின்ற வேனின் நம்பரையாவது பார்த்திருப்பேன். அந்த நம்பர் என் மேஜைக்குள்தான் இருந்தது. என் வீம்பு என்னை உட்கார வைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அஞ்சலாட்சி வேலை முடிந்து வந்தபோது, வாசல் வேப்பிலைக் கொத்தோடு ஒரு தண்ணீர் பாட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கலைவாணி முன்பு எப்போதோ வேனில் விட்டுவிட்ட பாட்டில். கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்து, மூடி இறுக்கியிருந்தது. வந்தவனை வீட்டுக்காரம்மா பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கலைவாணி பார்த்திருக்க வேண்டும். அம்மா கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். உள்ளே எங்களை விடவில்லை. மாஜிஸ்திரேட் நல்ல மாதிரியாம், கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்லேட் கொடுத்து, அரை மணி நேரம் கேட்டாராம். கலைவாணி நீலக் கட்டப் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாளாம். ஒரு சொல் வரவில்லை. பிள்ளையே சொல்லாதபோது நாங்கள் யாரைப் பிடிப்பது என்று போலீஸ்காரர் கையை விரித்தார். திரும்பும்போது அஞ்சலாட்சி ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மையத்துக்கு வந்ததும் ஜெயத்தைப் பிடித்துக்கொண்டேன். இங்கிருந்துதான் வெளியே போயிருக்கிறது, யாரிடம் என்ன உளறினாய் என்று கத்தினேன். அவள் முழித்தாள். அவன் பேர் என்ன என்று கேட்டாள். சட்டமாவது ஒன்றாவது என்று நான் பேரைச் சொல்லிவிட்டேன்.

ஜெயம் மெஷின்மேல் கிடந்த ஒரு பையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதில் குண்டூசியால் ஒரு சீட்டு குத்தியிருந்தது. 'வடிவேல், சனிக்கிழமை' என்று அவளுடைய கோணல் எழுத்து.

திங்கட்கிழமை வந்தவன் பேச்சில் அத்தனை பணிவாம். கலைவாணி வைத்திருக்கிற மாதிரியே தன் மகளுக்கும் ஒரு பை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தன் கைவேலையை ஒருவன் கேட்டுக்கொண்டு வந்தானே என்று இவளுக்கு வாயெல்லாம் பல். கலைவாணி வெள்ளிக்கிழமைகூட வந்து நாலு பட்டன் தைத்துவிட்டுப் போனது, தங்கமான பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். அம்மை என்று சொன்ன பிள்ளை பட்டன் தைக்க வந்தது என்று தெரிந்தால் போதாதா, அது வாயைத் திறந்துவிட்டது என்று அவன் புரிந்துகொள்ள?

"என் வாயாலதான் அந்தப் புள்ள வாய அடைச்சேன்" என்றாள் ஜெயம். நான் அப்போதும் விடவில்லை. அந்தப் பையைக் கிழித்துப் போடு என்றேன். அவள் கிழிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அதன் காதுக்கு இன்னொரு தையல் போட்டாள். பை பொண்ணுக்குத்தானே, பொண்ணு என்ன செய்தது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். பன்னிரண்டு வயசுப் பெண் ஒன்று படியேறி வந்தது. பெயர் இளவேணி என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை.

"அப்பா பை வாங்கியாரச் சொன்னாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்து முனையில் மஞ்சள் வேன் நின்றது. உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எங்கள் வாசலையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று காட்டத்தான் மகளையே அனுப்பியிருக்கிறான் என்று புரிந்தது.

ஜெயம் சீட்டை உருவிவிட்டுப் பையைக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டது, ஆனால் போகவில்லை. பையின் காதைத் தடவிக்கொண்டே நின்றது. ஜெயம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் போல ஒரு துண்டுத் துணியும் ஊசியும் பட்டனும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பெண் உட்கார்ந்தது. ஊசியை இரண்டு முறை ஏற்றி இறக்கியது.

"கலைவாணி பொய் சொல்லுதுன்னு அப்பா வீட்டுல கத்துறாருக்கா" என்றது, தலையைத் தூக்காமல். "அது பொய் சொல்லல. எனக்குத் தெரியும்."

வெளியே ஹாரன் அடித்தது. ஊசி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஜெயம் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பகலில் அந்தக் கதவை நாங்கள் சாத்தியதே கிடையாது. பிறகு அந்த ஒட்டடைக் குச்சி உடம்பை வைத்துக்கொண்டு மெஷினைத் தரதரவென்று இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"மதாம், நூல் தீந்துபோச்சு."

மதாம் வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். போலீசுக்குச் சொல்ல நான் போனை எடுத்தேன். ஹாரன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை நீளமாக. பிறகு நின்றது. வேன் கதவை அறைந்து சாத்துகிற சத்தமும், சந்துக்குள் நடந்து வருகிற செருப்புச் சத்தமும் கேட்டன.

"நீ தைம்மா, பாதியில விடாத" என்றாள் ஜெயம், கதவில் முதுகை வைத்துக்கொண்டு.