தீ பரவாத திரை

எங்கள் பட்டறையில் தீத்தடுப்புச் சரக்கைத் தேர்ந்தெடுத்தது வேதியியல் படித்த நான் இல்லை, ஏலக்காய்தான். சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கம்பத்துக்கு வெளியே, வாழைத்தோட்டங்களை ஒட்டி இருக்கிறது பட்டறை. பிவிசி தூளையும் எண்ணெயையும் சூட்டில் பிசைந்து, உருளைகளுக்கு நடுவே விட்டு ஷீட்டாக இழுப்போம். லாரிக்குப் படுதா, கடைக்குத் திரை, தொட்டிக்கு உள்விரிப்பு என்று எல்லாம் போகும். எதில் எந்தச் சரக்கை எவ்வளவு சேர்ப்பது என்று பார்ப்பது என் வேலை.

எல்லைக்கு அந்தப்புறம் மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த வியாபாரி ஒருவர் ஒரு வருடம் பட்டறைக்கு வந்தார். அவருடைய ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில், விறகு அடுப்புக்கும் உலர்த்தும் அறைக்கும் நடுவே தொங்கவிடத் திரை வேண்டும். சாக்குத் திரையில் அடிக்கடி பொறி விழுந்து பற்றுகிறதாம். தீப்பிடிக்காத ஷீட் கேட்டார். அந்த ஸ்டோரில் அடுப்பையும் காய் பரப்பும் தட்டுகளையும் பார்த்துக்கொண்டவன் என் தம்பி. அதனால் அந்தத் திரைக்கு நான் பட்ட பாடு வேறு எந்த வேலைக்கும் பட்டதில்லை.

பிவிசி தானாகச் சுலபத்தில் பற்றாது. அதை வளைய வைக்க ஊற்றுகிறோமே எண்ணெய், அதுதான் தீக்குத் தீனி. தீயை மடக்க மூன்று வழிகளில் மூன்று மாதிரி போட்டேன். ஒன்று, பாஸ்பேட் எண்ணெய் சேர்த்தது. இரண்டாவது, குளோரின் ஏற்றிய எண்ணெயும் ஆன்டிமனி பொடியும் போட்டது. தீயை விலக்கியதும் பட்டென்று அணைந்துவிடும், ஷீட்டும் பட்டுப்போல இருக்கும். ஆனால் கருகும்போது கரும்புகை வரும், அந்தப் புகையில் அமிலம் இருக்கும். மூன்றாவது அலுமினிய ஹைட்ராக்சைடு, வெறும் வெள்ளைப் பொடி. சூடேறினால் தனக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக விட்டுத் தீயைக் குளிர்விக்கும். புகை குறைவு. ஆனால் அள்ளி அள்ளிப் போட வேண்டும், போட்டால் ஷீட் விறைத்துப் போகும்.

வியாபாரி சோதித்த விதம் ஏலக்காய்க்காரர்களுக்கே உரியது. மூன்று எவர்சில்வர் தூக்குகளில் காயைப் போட்டு, தூக்குக்கு ஒரு மாதிரியாக ஷீட் துண்டையும் உள்ளே வைத்து மூடினார். மறுநாள் திறந்து, காயை உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். காய் எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வாடை ஏறிய காயை ஏலத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள். பாஸ்பேட் ஷீட்டோடு இருந்த காயில் வாடை ஏறியிருந்தது, அது அங்கேயே கழிந்தது. வெள்ளைப் பொடி ஷீட்டில் வாடை இல்லை, ஆனால் இரண்டாக மடித்ததும் மடிப்பில் கீறல் விட்டது. தட்டு எடுக்கும்போதெல்லாம் சுருட்டிக் கட்ட வேண்டிய திரை அது. இரண்டாவது ஷீட்டில்தான் வாடையும் இல்லை, கீறலும் இல்லை.

"கொஞ்ச நாள் குடுங்க, எண்ணெய மாத்திப் பாத்தா கீறல் வராது" என்றேன்.

"பறிப்பு ஆரம்பிச்சிருச்சுத்தா. காயி எனக்காகச் செடியில காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தேர்ந்தெடுத்த இரண்டாவது ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி, முற்றத்தில் கிடந்த பழைய டிரம்முக்குள் தொங்கவிட்டு, அடியில் பர்னரைப் பிடித்தேன். தீ ஏறவில்லை. புகை டிரம்மை நிரப்பி வழிந்தது. வியாபாரி இருமிக்கொண்டே நாலு எட்டு பின்னால் போனார்.

"இதுக்குள்ள யாருத்தா போயி உக்காரப் போறா? ஸ்டோருன்னா புகை இருக்கத்தான செய்யும்" என்று சிரித்தார்.

எங்கள் பட்டறை முதலாளியும் சிரித்தார். நல்ல மனிதர்தான், வீட்டில் விசேஷம் என்றால் பிரியாணி கொடுத்தனுப்பும் மனிதர்தான். "கேக்குறதத்தானம்மா குடுக்க முடியும்" என்றார். விறகு அடுப்பை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காய் உலர்த்துகிறவர்கள் புகையை ஒரு ஆபத்தாகவே எண்ணுவதில்லை. அவர்களுக்குத் தீ என்றால் சுடர் மட்டும்தான்.

தம்பியிடம் தனியாகச் சொன்னேன். "ஏலே, திரை கருகுச்சுன்னா காயும் வேணாம் கீயும் வேணாம், வெளிய ஓடி வந்துரு. அது விறகுப் புகை மாதிரி இல்ல."

"அடுப்புப் புகையிலயே கெடக்குற ஒடம்புக்கா இது" என்று என்னைக் கேலி செய்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் அடுப்பின் சூட்டை அறைக்குக் கொண்டுபோகும் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தீ நாக்கு திரையின் அடியைத் தொட்டது. சுடர் தானாகவே அணைந்துவிட்டது. குழாயின் சூட்டில் திரை மட்டும் கருகிக்கொண்டே இருந்தது. காய் பாதி உலர்ந்திருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது ஸ்டோரில் சட்டம். ஈரக்காற்று பட்டால் பச்சை நிறம் வெளுத்து விலை விழுந்துவிடும். தம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "தீ அணைஞ்சிருச்சு, கதவத் தொறக்காதீக" என்று வெளியே நின்ற ஆட்களிடம் உள்ளிருந்தே கத்தினானாம். திரையை அறுத்துப் போட்டு, குழாயை அடைத்து, தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

நடந்துதான் வந்தான். ஜீப்பில் வீடு வந்து, முகம் கழுவி, சோறு சாப்பிட்டான். கண் எரிகிறது என்று மட்டும் சொன்னான். நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "காலையில பாப்பம்க்கா" என்றான். விடிந்தபோது அவனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. தேனிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். அமிலம் உள்ளே போய் மெதுவாக வேலை பார்க்கும் என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே போய்விட்டான்.

குளிப்பாட்டும்போது பார்த்தோம், உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

வியாபாரி கேதம் கேட்க வந்தார். உண்மையாகவே வருந்தினார், அதை நான் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சுவரோரம் தரையில் இருந்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும் போலிருக்கிறது, என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னயக் கொற சொல்ல ஏதுமில்லத்தா. தெரை நல்ல தெரை. தீ ஒரு சாண் மேல ஏறல. ஸ்டோருக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

"தீயே பரவலங்கிறீக. அப்ப எம்மகன் எதுலய்யா செத்தான்?"

அவர் என்னைப் பார்த்தார். படித்தவள் எடுத்துச் சொல்லட்டும் என்று நினைத்திருப்பார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.