பிரசவ வார்டு கேட்டில் மாதம்மாள் அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, வார்டில் டியூட்டி மாற்றிக்கொண்டிருந்த நேரம். மாதம்மாள் அக்காவின் மகள் போன் செய்தாள். "சிஸ்டர், அம்மா இன்னிக்கு வேலைக்கு வர மாட்டாங்க," என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

எங்கள் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நான் ஹெட் நர்ஸ். மாதம்மாள் அக்கா அந்த வார்டின் கேட்டில் பத்து வருடத்துக்கு மேல் செக்யூரிட்டியாக இருந்தவர். மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமம். கணவர் இறந்த பிறகு ஒப்பந்த வேலைக்கு வந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவர் நின்றால் யாரும் தாண்டிப் போக முடியாது. "பாக்கற நேரம் சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. ஆம்பளைங்களுக்கு அப்பவும் இல்லைங்க." வார்டு அமைதியாக இருந்தது. நானே அவரைப் பலமுறை மெச்சியிருக்கிறேன்.

சேர்ந்த சில வருடங்களில் அது நடந்தது. சித்தேரி மலையிலிருந்து ஒருவர், நிறைமாத மனைவியை 108-ல் கூட்டிவந்தார். துணைக்குப் பெண்கள் யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. கணவரிடம் அவசரமாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஆபரேஷனுக்கு எடுத்துப் போனோம். கேட்டில் அக்கா அவரிடம், "உள்ள வரக் கூடாது, கூப்பிட்டா வாங்க," என்றார். அவர் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரே எழுந்து கேட்டுக்கு வந்தார். "ஆத்தா, பொணத்த எப்பத் தருவாங்க?" என்று கேட்டார்.

அவருடைய மனைவிக்கு முந்தின நாளே நினைவு திரும்பியிருந்தது. கஞ்சி குடித்துவிட்டு, "அவரு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெண் குழந்தையும் நலம். அக்கா அந்த மனிதரின் கையைப் பிடித்து, நேராகக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். விதியை மீறியதற்காக நான் சத்தம் போட்டேன். "திட்டுங்க சிஸ்டர்," என்றார். "நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த மனுசன் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தாரு."

மறுநாளிலிருந்து வேலைக்கு முன்னதாகவே வர ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டிலாகப் போய், "வெளிய யாரு இருக்காங்க? என்ன சொல்லட்டும்?" என்று கேட்பார். பத்து மணிக்குக் கேட்டுப் படியில் நின்று சொல்வார்: "ஏழாம் கட்டில் லட்சுமி வூட்டுக்காரரு யாருங்க? நல்லாத் தூங்குச்சாம். இட்லி சாப்பிட்டுச்சு. கொழந்தைக்குத் துணி பத்தலையாம்." கன்னடம் பேசும் குடும்பமென்றால், "ஊட்டா ஆயித்து," என்று, சாப்பிட்டாயிற்று என்பதைத் தனக்குத் தெரிந்த இரண்டு கன்னடச் சொல்லில் முடிப்பார். அதற்கே அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

கேட் செக்யூரிட்டி ஒருவர் நோயாளிகளின் விவரத்தை வெளியில் சொல்கிறார் என்று அலுவலகத்துக்குப் புகார் போனது. மறைக்க விரும்பவில்லை, அதை எழுதியவள் நான்தான். ஒப்பந்த வேலை. ஒரு கையெழுத்தில் போய்விடும்.

மருத்துவ அலுவலரின் அறையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நோவப் பத்தி ஒரு வார்த்தை சொல்றதில்லைங்க ஐயா. சாப்பிட்டாங்க, தூங்குனாங்க, உங்களக் கேட்டாங்க. அவங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்றேன்."

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "முன்னெல்லாம் உள்ள விடச் சொல்லிச் சொந்தக்காரங்க கேட்டுல சண்டை போடுவாங்களே, இவங்க இப்படிச் சொல்ல ஆரம்பிச்ச பிறகு அது எத்தனை தடவை வந்தது?" யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. அதையே சொன்னேன். அப்படியானால் தொடரட்டும், கூட ஒரு நர்ஸும் நிற்கட்டும், பதினொரு மணிக்கு டாக்டரும் சொந்தக்காரர்களைப் பார்த்துப் பேசட்டும் என்று அவர் உத்தரவு போட்டார்.

புகார் எழுதியது நான் என்று பல மாதம் கழித்து அக்காவிடம் சொன்னேன். "தெரியும் சிஸ்டர். நீங்க எழுதுனதுல ஒண்ணு சரிதான், ஒரு வூட்டு வெவரத்த எல்லாரும் கேக்கச் சொல்லக் கூடாது. அதுக்கப்புறம்தான் வாய எங்க நிறுத்தணும்னு கத்துக்கிட்டேன்," என்றார். பிறகு டீ குடிக்கப் போனோம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, அவர் இல்லாத கேட்டின் முன்னால் வழக்கம்போல ஆட்கள் கூடிவிட்டார்கள். நானே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து படியில் நின்றேன். பென்னாகரத்திலிருந்து வந்த ஓர் இளைஞரிடம், அவர் மனைவி பால் குடித்துவிட்டு அவரைக் கேட்டதாகச் சொன்னேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மாலையில் நாங்கள் எல்லோரும் உங்கள் ஊருக்கு வந்து, மண் போட்டுவிட்டுத் திரும்பினோம் அக்கா. நிம்மதியாகத் தூங்குங்கள். நாளைக் காலையும் யாராவது படியில் நிற்போம்.