செருப்புத் தட்டு காலியான பிறகு

விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் பூங்காவில் ராட்டினம் ஏறி, பொம்மை ரயிலில் ஒரு சுற்றுப் போய், கடைசியில் வந்து நிற்கிற இடம் கண்ணாடி மாளிகை. மாளிகை என்பதெல்லாம் பலகையில்தான். இருப்பது ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஆளுயரக் கண்ணாடிகளை வளைத்து வளைத்து நிறுத்திய வழி. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குச் செருப்பக்கா என்று பெயர். தரையும் கண்ணாடி, கீறல் விழும் என்று யாரையும் செருப்போடு உள்ளே விடமாட்டாள்; பக்கத்துத் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

உலகத்தில் எத்தனையோ தைரியசாலிகள் இருக்க, இந்த வேலை போய் ஒரு பயந்தாங்கொள்ளிக்கு வாய்த்தது. பல்லி கத்தினால் பயம். இடி இடித்தால் பயம். வேலைக்கு வந்த புதிதில், திருப்பத்தில் தன்னையே பார்த்து அலறியவள் அவள். ஆனால் அவளை உண்மையில் உலுக்கிய பயம் ஒன்றுதான்: யாருடைய குழந்தையாவது உள்ளே இருக்கும்போது பூட்டிவிட்டால்?

அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். செருப்புத் தட்டு காலியானால் உள்ளேயும் காலி. ஒரு ஜோடி மிஞ்சினாலும் பூட்டமாட்டாள். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் மறதியில் வெறுங்காலோடு காரில் ஏறிப் போய்விட, அவர் திரும்பி வரும்வரை கொட்டகையை மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். பூங்காவே சிரித்தது.

அவள் புருஷன் அங்கேயே ராட்டினம் ஓட்டுகிறவன். ஐந்து வயது மகள் குட்டி, விடுமுறையென்றால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே பந்தாக உருள்வாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அப்படி வளர்ந்தாள்.

அன்று நல்ல கூட்டம். மாலை மங்கியதும் செருப்பக்கா தட்டைப் பார்த்தாள். காலி. கையால் தடவியும் பார்த்தாள். விளக்கை அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பூங்காவின் பெரிய கதவுக்கு வந்தாள். புருஷன் தனியாக நின்றிருந்தான்.

"குட்டி எங்க?" என்றான்.

"உங்ககிட்டதானே இருந்தா?"

"அப்பவே உன்கிட்ட போறேன்னு ஓடினாளே!"

அவளுக்குக் காலையில் குட்டியின் செருப்பு வார் அறுந்துபோனது நினைவுக்கு வந்தது. நாள் முழுக்கப் பிள்ளை வெறுங்காலோடுதான் திரிந்திருக்கிறாள்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டாள், எரியவில்லை. பின்னால் வந்த புருஷன் அதைப் பார்த்துவிட்டு, "மெயினை அணைச்சிட்டாங்க. நான் போய்ப் போடச் சொல்றேன், நீ இங்கயே நில்லு" என்று ஓடினான். அவள் நிற்கவில்லை. செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனாள்.

"குட்டி!"

"அம்மா..." எங்கிருந்தோ சின்னக் குரல்.

வெளிச்சத்தைத் திருப்பினாள். பத்துக் குட்டிகள் தெரிந்தார்கள். பத்துப் பேரும் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய்ந்து போனவளின் நெற்றி கண்ணாடியில் மோதியது. அடுத்த பக்கம் பாய்ந்தாள், அங்கும் கண்ணாடி. நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம், "முகத்தைப் பாக்காதீங்க, மரச்சட்டத்தைப் பிடிச்சிக்கிட்டே வாங்க" என்று கத்துகிறவளுக்குத் தன் பிள்ளை என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. குட்டியின் குரலும் அழுகையானது. இந்த வெளிச்சம் இருக்கும்வரை குட்டியிடம் போய்ச் சேர முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

இருட்டென்றாலே பயந்து சாகிறவள், செல்போனை அணைத்தாள். கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, சட்டத்தைத் தடவித் தடவி, அழுகை வந்த பக்கம் நடந்தாள். காலில் ஒரு சில்லிட்ட பாதம் தட்டியது. அப்படியே விழுந்து அள்ளிக்கொண்டாள்.

"ஏன்டி கூப்பிடல? பூட்டும்போது ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல?"

"நீதானம்மா சொன்ன, வழி தெரியலைன்னா அசையாம இரு, அம்மா வருவேன்னு. அப்படியே தூங்கிட்டேன்."

செருப்பக்கா அவளை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று குட்டி நினைத்தாளோ என்னவோ, அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. எனக்குத்தான் செருப்பு இல்லியே, அதான் உனக்குத் தெரியல."