டிரைவரக்காவின் மூக்கு

எங்கள் தெருவில் மொத்தம் நூற்றுப் பத்து மூக்குகள். அவற்றில் வேலை செய்வது ஒன்றே ஒன்று, டிரைவரக்காவுடையது.

தெருக்கோடியில் மூவாயிரம் பன்றிகளை அடைத்த பண்ணை. பின்னால் அதன் கழிவுக் குட்டை. முதல் வருடம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடினோம். மூன்றாம் வருடம் மூக்குகள் ராஜினாமா செய்துவிட்டன. கண் எரியும், தலை வலிக்கும், நாற்றம் மட்டும் தெரியாது. அக்காவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. டவுனுக்குப் பஸ் ஓட்டுகிறவள். தினம் நாலு தடவை வெளியே போய்த் திரும்புகிறவள். திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஊர் எல்லைப் பாலத்தில் நாற்றம் முகத்தில் அறைந்த மாதிரி இருக்குமாம்.

ஒரு விடுமுறை நாளில் ஆறு வயது மகளைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். பாலம் தாண்டியதும் குட்டி முகத்தைச் சுளித்தது.

"அம்மா, இங்க என்னமோ மாதிரி வாசம் வருதும்மா."

அது நாற்றமில்லாத வெறும் காற்று. அக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதாள். டயர் பஞ்சர் என்று நினைத்துப் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர்கள் இரண்டாவது குட்டைக்கு அனுமதி கேட்டார்கள். இடம், அக்கா வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி. மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தாள்.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் மேனேஜர் அவர்களைக் கொட்டகை வாசலிலேயே உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் ஃபைல் காட்டினார். தெருவுக்கு வந்தபோது அவர்கள் மூக்கும் எங்கள் மூக்கு மாதிரி ஆகியிருந்தது. பெரிய அதிகாரி நாற்றம் இருக்கிறதா என்று எங்களையே கேட்டார். நாங்கள் யோக்கியர்கள் ஆயிற்றே. நன்றாக முகர்ந்து பார்த்து, தெரியவில்லை என்றோம். அக்கா புருஷனும்தான். அதிகாரி படிவத்தில் நாற்றத்தின் அளவுக்குப் பூஜ்யம் போட்டார்.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அக்கா தன் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"சார், என் வண்டியில ஒரு சுத்து வந்துட்டு எழுதுங்க."

அதிகாரிகள் ஏறினார்கள். தனியாக விட மனமில்லாமல் மேனேஜரும் தொற்றிக்கொண்டார். வேடிக்கை பார்க்க நாங்களும். பாலம் தாண்டி ஆற்றோரக் கடையில் அரை மணி நேரம் டீ, காற்று, அரட்டை. பிறகு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அக்கா வண்டியைத் திருப்பினாள்.

"பாலம் வருது. எல்லாரும் நல்லா மூச்சு இழுத்துக்கங்க."

இழுத்தோம். பஸ்ஸுக்கே குமட்டியது. பண்ணையை விட்டு மாதக்கணக்கில் வெளியே வராத மேனேஜர்தான் முதலில் கைக்குட்டையை எடுத்தார்.

"என்னங்க இது, ஏதாவது செத்துக் கிடக்கா?"

"உங்க பண்ணைதான் சார்," என்றாள் அக்கா.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணானது. பெரிய அதிகாரி பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அதற்கு மேல் படிவத்தில் எண் இல்லையாம்.

இரண்டாவது குட்டை வரவில்லை. பழையது இருக்கிறது, அதை மூடச் சொல்லி எங்கள் அடுத்த மனுவும் போயிருக்கிறது. மூக்கு மறுபடி மழுங்கிவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் தெருவையே பாலத்துக்கு அப்பால் ஓட்டிப்போகிறாள் அக்கா. போன வாரம் திரும்பும்போது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நம்ம ஊரு நாறுதும்மா."

அக்கா ஹாரனை அழுத்திக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தாள்.