ரோட்டில் நின்று எடுத்த படங்கள்

ஜான்சனைப் போல வாட்ச்மேனுக்குப் பயந்த போட்டோகிராபர் மாமல்லபுரம் பக்கத்தில் இன்னொருவர் இருக்க மாட்டார். இருபத்திரண்டு வருஷம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் படமெடுத்துப் பிழைத்தவர். அங்கே கேமராவைக் கையில் பிடித்து எடுக்கலாம். ஸ்டாண்டு வைப்பதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். கயிற்றைத் தாண்டினால் விசில் ஊதுவார்கள். விசில் சத்தம் கேட்டுக் கேட்டே, சுவர் என்று ஒன்று இருந்தால் அதைப் பார்ப்பதற்கே யாரையாவது கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு சட்டம் எழுதி வைத்துக்கொண்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். நாட்டில் இருக்கிற சட்டத்தை மீறுகிறவர்கள் உண்டு. இல்லாத சட்டத்துக்குப் பணிந்து நடந்தவர் இவர்தான்.

கோவளத்திலிருந்து வரும்போது ஈசிஆரை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் பஞ்சாயத்து ரோட்டில் அவருடைய காலனி. ரோட்டுக்கு மறுபுறம் சவுக்குத் தோப்பு, தோப்பை ஒட்டி இடுகாடு. சிலுவை வைத்தவர்களும் வைக்காதவர்களும் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தார்கள். மூன்று தலைமுறையாகப் புதைத்தும் அந்த இடத்துக்கு ஒரு காகிதம் கிடையாது. தன் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் செத்தால் அங்கேயே புதைத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் காலத்து நிலக்காரர் வாயால் சொன்னதுதான். பேரன்கள் அதை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு விற்றபோது தாத்தாவின் வாய்வார்த்தை பத்திரத்தில் ஏறவில்லை. ஜான்சனின் மனைவி பொன்னி நாலு வருஷமாக அங்கேதான் இருந்தாள், பெயர் எழுதிய ஒரு சிமெண்ட் சிலுவைக்குக் கீழே.

கம்பெனி கட்டிய மதில் இடுப்பளவு எழும்பியிருந்தபோது பொன்னியின் அண்ணன் சின்னராசு வந்தார். காலனிக்கு மனு எழுதுவதெல்லாம் அவர்தான்.

"மச்சான், செங்கல்பட்டு கலெக்டருக்கு மனு எழுதிக்கினு கீறேன். கல்லற கீது கல்லற கீதுன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? செவுரு ஏர்றதுக்குள்ள ஒண்ணு வுடாம போட்டா புடிச்சிடு."

மறுநாள் காலையிலேயே ஜான்சன் போனார். தார் ரோட்டை விட்டு ஒரு செருப்பளவுகூட உள்ளே வைக்கவில்லை. பெரிய லென்ஸைப் போட்டு, பாதி எழும்பிய மதில், அதற்கு அப்பால் மண்மேடுகள், சிலுவைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அறுபத்திரண்டு படம். பொன்னியின் பெயர் எழுத்து எழுத்தாக விழுந்தது. தொழிலில் அவர் எடுத்ததிலேயே சுத்தமான படங்கள் அவைதான். அதைப் பாராட்டத்தான் ஆளில்லை.

செக்யூரிட்டி வந்தான், பின்னாலேயே மேனேஜர் ஸ்ரீவத்ஸன் வந்தார். சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. "அண்ணா, இது பிரைவேட் பிராப்பர்ட்டி. பர்மிஷன் லெட்டர் இருக்கா?" என்று கேட்டார், அவ்வளவுதான். லெட்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜான்சன் கேமராவை இறக்கிவிட்டார். அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஸ்ரீவத்ஸன் சொல்ல, நடு ரோட்டில் நின்றபடி அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியாக அழித்தது பொன்னியை. ஸ்ரீவத்ஸன் நன்றி சொல்லி, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தார். ஜான்சன் அதை வாங்கிக் குடிக்கவும் செய்தார். நடந்தது அதுதான்.

அழித்ததோடு போயிருந்தால்கூட மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்க வழி இருந்தது. அன்று பத்தரை மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு சீமந்தம். சுந்தரவல்லி என்கிற டீச்சரம்மா மகளுக்கு. ஜான்சன் சாவு வீட்டுக்கும் படமெடுக்கப் போகிறவர். அதனால் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இழவு ஏறிய கார்டோடு சுப வீட்டுக்குள் போக மாட்டார், முழுசாகத் துடைத்துவிட்டுத்தான் போவார். இன்னொரு கார்டு போன கல்யாணத்தோடு ஆல்பம் செய்பவரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. படம் அழிந்தாலும் இடுகாடு உள்ளேயே இருப்பதுபோல் அவருக்குப் பட்டது. பிள்ளைத்தாய்ச்சி முகத்தை அதன்மேல் எடுப்பதா? பஸ் ஸ்டாண்டில் நின்று கார்டை பார்மேட் செய்தார். அழிந்தவற்றின் மேலேயே அன்று சீமந்தத்தில் எடுத்த படம் ஆயிரத்து நானூறு.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டும் சின்னராசு திட்டவில்லை. காலையில் போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றார். காலையில் போனால் ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம் அடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆபீசெல்லாம் பூட்டியிருந்த நேரத்தில், தகரத்துக்கு அந்தப் பக்கம் ஜேசிபி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. காலனியே ரோட்டில் நின்று கேட்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். பத்து வீட்டுச் செல்போன்கள் நீலத் தகரத்தைப் படமெடுத்தன.

செங்கல்பட்டில் வக்கீல் ஜோதிலட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜான்சனிடம், நின்றது ரோட்டில்தானே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"பொது ரோட்ல நின்னு, கண்ணுக்குத் தெரியறதைப் படம் எடுக்க யாரோட பர்மிஷனும் வேண்டாங்க. உள்ள கால் வெச்சாத்தான் அவங்க கேக்க முடியும். அழிக்கச் சொல்ல அந்த மேனேஜருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போலீஸே வந்தாலும் அப்படி அழிக்கச் சொல்ல முடியாது."

ஜான்சன் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வரியை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும், அதற்கு என்ன செலவு?

வக்கீல் விடவில்லை. அழித்த படத்தை மீட்கிற ஆளிடம் கார்டை அனுப்பினார். ஒரு வாரம் கழித்து வந்ததெல்லாம் வளையல், கலந்த சாதம், மஞ்சள் பூசிய கன்னம். கூடவே அரைகுறையாக ஒரு படம். மேல் பாதியில் வானமும் சவுக்கு நுனிகளும் அழகாக இருந்தன. கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறக் கட்டம். கல்லறைகள் கீழ்ப் பாதியில் இருந்தன.

கலெக்டர் ஆபீஸ் விசாரணையில் கம்பெனிக்காரர்கள் டிரோன் படம் கொண்டுவந்தார்கள். தட்டையான மண், பக்கத்தில் புல்வெளிக்கான வரைபடம். காலனி ஆட்கள் கொண்டுபோனவை கல்லறைத் திருநாளில் செல்போனில் எடுத்தவை. அவற்றில் மெழுகுவத்தியும் முகங்களும் தெரிந்தன, எந்த இடம் என்று தெரியவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று மனு முடித்து வைக்கப்பட்டது. சின்னராசு அதன்பிறகு ஜான்சனோடு பேச்சை நிறுத்தவில்லை. தங்கச்சி பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஏழு மாதம் கழித்து அதிதி, ஜெயந்த் என்று ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஜான்சனைக் கூப்பிட்டது. இடம் அந்த ரிசார்ட். மாட்டேன் என்று சொல்லத்தான் போனை எடுத்தார். உள்ளே போக வேறு வழியில்லை என்பதால் சரி என்றார். ஜோடியிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. செக்யூரிட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டான்.

புல்வெளி கடல்வரை ஒரே சீராகக் கிடந்தது. சவுக்கில் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. ஜான்சன் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நடந்தார். கடல் எவ்வளவு தூரம், ரோடு எவ்வளவு தூரம் என்று காலாலேயே அளந்து பார்த்தார். இருபதடிக்குள் எங்கேயோ இருக்கிறாள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. ஜோடி கைகோத்தபடி காத்திருந்தது.

"அண்ணா, நாங்க எங்க நிக்கட்டும்?" என்று அதிதி கேட்டாள்.

ஜான்சன் புல்லைப் பார்த்தார். எங்கே கை காட்டுவது?

"நீங்களே பாத்து நில்லுங்கம்மா," என்றார். "எனக்கு இந்த எடம் தெர்ல."